அயனம்பாக்கம் ஏரியில் அணைந்த விளக்கு

அருகில் வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. கதவோரம் நிற்பவர்களும் உள்ளே வாருங்கள், இடம் இருக்கிறது. இன்று உங்களுக்கு ஒரு கோபக் கதை சொல்லப்போகிறேன். கேட்டு முடிக்கும்போது உங்கள் காதும் கொஞ்சம் சூடாகியிருக்கும். ஆனால் அவசரப்பட்டு நடுவில் யாரையும் திட்டிவிடாதீர்கள். இந்தக் கதையில் வருகிற கோதண்டத்துக்கு அந்தப் பொறுமைதான் கிடையாது.

கோதண்டம் பட்டாபிராம் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ ஓட்டுகிறவன். தொண்ணூற்று மூன்றாம் வருஷம், ஆயுத பூஜை கழிந்த மறுவாரம், ஐப்பசி பிறந்தும் ஒரு சொட்டு மழை விழாத ஒரு காலையில், அவன் தன் வண்டியை உலகநாதன் வீட்டு வாசலில் பிரேக் அடித்து நிறுத்தினான். பின் சீட்டில் கண்ணம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

உலகநாதன் ரயில்வே போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வுபெற்றவர். திருடனையும் பார்த்தவர், திருடன் என்று பொய்யாக மாட்டிக்கொண்டவனையும் பார்த்தவர். வேட்டியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே, “என்ன கோதண்டம், வண்டியை வீட்டுக்குள்ளேயே விட்டுடுவ போலிருக்கே?” என்றார்.

“அநியாயம் நடந்துகினு கீது ஏட்டய்யா! இது என் தோஸ்து வேம்புலியோட சம்சாரம். அயனம்பாக்கம் ஏரிக்கரைல குடிசை. அவனைப் போயி கை நீட்டி அடிச்சிட்டான்யா அந்தாளு! எனக்கு வர்ற கோவத்துக்கு...”

“உன் கோவம் அப்புறம். அந்தம்மா பேசட்டும்.”

கண்ணம்மா பேசினாள். ஏரியில் மீன் பிடிக்கிறவன் வேம்புலி. அதோடு, எட்மண்ட் என்பவருடைய பாய்மரப் படகுக்குக் காவல். எட்மண்ட் ஆவடி டாங்க் பேக்டரியில் வெல்டராக இருந்து ஓய்வுபெற்று, தன் கையாலேயே அந்தப் படகைக் கட்டியவர். படகில் ஒரு சோலார் தட்டு. அது பகலெல்லாம் வெயிலை வாங்கி பேட்டரியில் ஏற்றும். பொழுது சாய்ந்தால் வேம்புலி போய் சுவிட்சைப் போட வேண்டும். பாய்மர உச்சியில் விளக்கு எரியும். இருட்டில் தெப்பத்தில் வருகிற மீன்காரர்கள் படகில் மோதாமல் இருக்க அந்த விளக்கு.

“முந்தாநேத்து எட்மண்ட் அய்யா ஊர்லேர்ந்து வந்தாரு. வந்ததும் ஆசையா படகை எட்த்துகினு போனாரு. திரும்பி வர்றப்ப இருட்டிடுச்சி, லைட்டு பொசுக்குனு போயிடுச்சி. மதகுக் கல்லுல மோதி, கை ஒடிஞ்சி போச்சிங்க அவருக்கு. மறுநாள் காத்தால அவரு சிநேகிதரு சண்முகசுந்தரம் வந்தாரு. எங்க ஊட்ல டிவி இருக்குதுல்ல, பேட்டரில ஓடற சின்ன டிவி, அதைக் காட்டி, ‘படகு கரண்டைத் திருடித்தானே படம் பாக்குற’ன்னு கரைல அத்தினி ஜனம் பாக்க என் வூட்டுக்காரரை அறைஞ்சிட்டாருங்க. இன்னிக்கிப் பொழுதுக்குள்ள குடிசையைக் காலி பண்ணணுமாம். இல்லாட்டி நாளிக்கி அவரைப் போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைக்கப் போறாங்களாம்.” அவள் மூக்கைச் சிந்தினாள். “அடி வாங்குனதுலேர்ந்து அந்த மனுசன் ஒரு வாய் சோறு துன்னல. ‘நான் திருடனா, கண்ணம்மா?’ன்னு என்னையே கேட்டுகினு கீறாரு.”

உலகநாதன் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து ஆட்டோவில் ஏறினார்.

முதலில் எட்மண்ட் வீடு. மாவுக்கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துச் சாய்ந்திருந்தார். அவர் மனைவி தெரசா காபி கொண்டுவந்தாள். கோதண்டம் டம்ளரை வாங்கவில்லை. யார் வீட்டுக் காபியும் இன்றைக்கு அவன் தொண்டையில் இறங்காது.

“வேம்புலி மேல உங்களுக்கு சந்தேகமா?” என்று உலகநாதன் கேட்டார்.

“நம்ப முடியலைங்க. ஆனா சண்முகம் என்கூட இருபது வருஷம் பேக்டரியில ஒரே ஷாப்ல நின்னவன். அவன் ஏன் பொய் சொல்லப் போறான்?”

“பூஜை சமயத்துல நீங்க ஊர்ல இல்லையாமே?”

“திருச்சியில மச்சினன் வீட்டுக் கல்யாணம். ஒரு வாரம் கழிச்சுத்தான் வந்தேன். சண்முகத்துகிட்டத்தான் பொறுப்பா விட்டுட்டுப் போனேன். வந்ததும் நேரா ஏரிக்கு ஓடினேன், சின்னப் பையன் மாதிரி.”

“போகும்போது அவர்கிட்ட என்ன சொல்லிட்டுப் போனீங்க?”

“என்ன சொல்வேன்? சோலார் கண்ணாடி மேல காக்கா எச்சம் போட்டாக்கூட உடனே தொடைச்சிடுடான்னு சொன்னேன். வேற என்ன, கயிறு இறுக்கமா இருக்கான்னு பாருன்னேன்.”

“இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?” என்று கோதண்டம் வெளியே வந்ததும் வெடித்தான். “காக்கா எச்சத்தைப் பத்தி விசாரிச்சிகினு கீறீங்க! அங்க ஒருத்தன் சட்டி பானையை மூட்டை கட்டிகினு இருப்பான்!”

“வண்டியை எடு.”

படகு கரையோரம் கயிற்றில் கட்டிக் கிடந்தது. மோதின இடத்தில் பலகை பிளந்திருந்தது. உலகநாதன் செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினார். கோதண்டமும் பின்னாலேயே குதித்தான்.

“என்னென்ன தெரியுது, சொல்லு.”

“படகு தெரியுது.”

“டேய்.”

கோதண்டம் முணுமுணுத்துக்கொண்டே சுற்றிப் பார்த்தான். “பூஜை போட்டுக்கீறாங்க. பாய்மரத்துல சந்தனம், குங்குமம். சுக்கான்ல பொட்டு. டூல்ஸ் பெட்டில பொட்டு. துடுப்புல பொட்டு. தண்ணி மொண்டு ஊத்துற பிளாஸ்டிக் மக்குக்குக்கூட வெச்சிக்கீறான்யா!” அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. உடனே சிரித்ததற்காகத் தன் மேலேயே கோபமும் வந்தது.

பேட்டரிப் பெட்டியின் மூடியை உலகநாதன் திறந்தார். பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வயரைப் பிடித்திருக்கிற நட்டின் மேல் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தது. பெட்டிச் சூட்டில் காய்ந்து ஓடு மாதிரி இறுகிப்போயிருந்தது. ஒரு கீறல் இல்லை. அங்கிருந்து பாய்மர உச்சிவரை போகிற வயரைக் கையால் தடவிக்கொண்டே போனார். வெட்டும் இல்லை, ஒட்டும் இல்லை.

கடைசியாகச் சோலார் தட்டின் முன் குந்தி உட்கார்ந்தார். கறுப்புக் கண்ணாடி பளபளவென்று முகம் காட்டியது. சுற்றிலும் அலுமினியச் சட்டம். சட்டமும் கண்ணாடியும் சேருகிற இடுக்கில் கட்டைவிரல் நகத்தை விட்டு மெல்ல நெம்பினார். விரலைப் பார்த்தார். துடைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார்.

குடிசை வாசலில் வேம்புலி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். சாமான்கள் வெளியே வந்துவிட்டிருந்தன. ஒரு கன்னம் இன்னும் வீங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் கோதண்டத்துக்குக் கண் இருட்டியது.

“டிவி பேட்டரிக்கு சார்ஜ் எங்க ஏத்துற?” என்று கேட்டார் உலகநாதன்.

“வேலப்பன்சாவடி கடைலங்க. சைக்கிள்ல கட்டிகினு போவேன்.”

“படகு விளக்கு நடுவுல எப்பவாவது மங்கிச்சா?”

வேம்புலி நிமிர்ந்தான். அந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்கவில்லை. “மங்குச்சிங்க. பூஜை முடிஞ்ச மறுநாள்லேர்ந்து தெனம் கொஞ்சம் கொஞ்சமா மங்கிகினே வந்துச்சி. எட்மண்ட் அய்யா வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி சண்முகம் சார் ஊட்டாண்ட போயி சொன்னேங்க. ‘சரி நான் பாத்துக்கிறேன், நீ போ’ன்னாரு.”

“அடப்பாவி! இதை ஏன்டா முன்னயே சொல்லல?” என்றான் கோதண்டம்.

“அடிக்கிற கையைப் பாத்தா வாய் எங்க மச்சான் வருது?”

“கோதண்டம்,” என்றார் உலகநாதன், “போய் எட்மண்டைக் கூட்டிக்கிட்டு வா. வழியில சண்முகசுந்தரத்தையும் ஏத்திக்கோ. ஏட்டு வந்திருக்கார், படகைப் பத்தி ஒரு சந்தேகம்னு மட்டும் சொல்லு. வேற ஒரு வார்த்தை பேசக்கூடாது.”

அந்த ஒரு வார்த்தை பேசாமல் வண்டி ஓட்டினதுதான் கோதண்டம் தன் வாழ்க்கையில் செய்த பெரிய காரியம். பின் சீட்டில் சண்முகசுந்தரம், நெற்றி நிறைய விபூதியும் மடிப்புக் கலையாத சட்டையுமாக, “இந்த மாதிரி ஆளுங்களுக்கு இடம் குடுத்தா இப்படித்தான் எட்மண்ட்” என்று சொல்லிக்கொண்டே வந்தார். கோதண்டம் வழியெல்லாம் பள்ளம் பார்த்து இறக்கினான். எட்மண்டின் ஒடிந்த கை நினைவுக்கு வந்த பிறகுதான் நிறுத்தினான்.

கரையில் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். உலகநாதன் கைகூப்பி வரவேற்றார்.

“பூஜையை யார் பண்ணினது? ரொம்ப அழகா இருக்கு.”

சண்முகசுந்தரத்தின் முகம் மலர்ந்தது. “நான்தான். என் கையாலேயே. பேக்டரியில வருஷா வருஷம் எங்க ஷாப் பூஜை நான்தானே பண்ணுவேன். ஒரு சாமானை விடமாட்டேன். விட்டா அது கோவிச்சுக்கும்.”

“பார்த்தேன். மக்குக்குக்கூட வெச்சிருக்கீங்க. பேட்டரிக்கு வெச்ச சந்தனம் அப்படியே இருக்கு, ஒரு விரிசல் இல்ல. இதுல ஒரு விஷயம் பாருங்க. வேம்புலி இதுலேர்ந்து கரண்டு எடுத்திருந்தா அந்த நட்டுல வயரை மாட்டியிருக்கணும், இல்லாட்டி பேட்டரியையே கழட்டியிருக்கணும். எதைச் செஞ்சாலும் காய்ஞ்ச சந்தனம் பொலபொலன்னு உதிர்ந்திருக்கும். வழியில வயரும் முழுசா இருக்கு. பூஜைக்கப்புறம் இந்த பேட்டரியை ஒரு ஈ கூடத் தொடலை.”

கரையில் ஒரு சலசலப்பு. சண்முகசுந்தரம் கூட்டத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். “அப்ப பேட்டரி எப்படிச் செத்துது?”

“அதைத்தான் நானும் யோசிச்சேன். எல்லாத்துக்கும் பொட்டு வெச்ச நீங்க அந்தச் சோலார் தட்டுக்கு மட்டும் வெக்கலையே?”

“அது... அதுக்கு வெக்கல. கண்ணாடி சுத்தமா இருக்கணும்னு எட்மண்ட் சொல்லிட்டுப் போயிருந்தான்.”

“வெக்கவே இல்லையா?”

“இல்லைங்கிறேன்! சாமி சத்தியமா.”

உலகநாதன் கட்டைவிரலை நீட்டினார். நகத்தில் காய்ந்த சந்தனம், விபூதி, அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு சாமந்தி இதழ்.

“இது சட்டத்தோட இடுக்குல இருந்துச்சு. மேலே துடைச்சவர் கை அங்கே போகலை.”

எட்மண்ட்தான் முதலில் புரிந்துகொண்டார். “பட்டை போட்டியாடா, சண்முகம்? கண்ணாடி மேலயா?”

“அதுக்கென்னய்யா?” என்றான் கோதண்டம். “ஒரு பட்டை போட்டா வெயில் ஏறாதா?”

“கோயில் திருவிழால சீரியல் லைட்டு பாத்திருக்கியா?” என்று எட்மண்ட் அவனைக் கேட்டார். “ ஒரு பல்பு போனா மொத்த வரிசையும் போயிடும் இல்ல? இந்தத் தட்டுல இருக்கிற கட்டமெல்லாம் அப்படித்தான் கோத்திருக்கு. ஒரு கட்டத்தை முழுசா மறைச்சாலே மொத்தமும் படுத்துடும். இவன் விபூதியைக் குழைச்சு இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடிவரைக்கும் பூசி, மேல மாலையும் போட்டிருப்பான். பகல்ல ஏறவே இல்ல. ராத்திரி விளக்கு மட்டும் எரிஞ்சுகிட்டே இருந்திருக்கு.”

“விளக்கு மங்குதுன்னு வேம்புலி வந்து சொன்னான்,” என்று உலகநாதன் தொடர்ந்தார். “அப்பத்தான் இவருக்கு உறைச்சுது. தனியா வந்து மாலையை எடுத்தார், பட்டையைத் துடைச்சார். ரெண்டு நாள் வெயில்ல சரியாயிடும்னு நெனச்சார். ஆகலை. கண்ணாடியைத் துடைக்கணும்னு வேம்புலிக்குத் தோணவே காரணம் கிடையாது. அது மேல எதுவும் படக்கூடாதுன்னு காதால கேட்டிருந்தவர் இவர் ஒருத்தர்தான்.”

சண்முகசுந்தரம் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “உன் படகுக்கு நல்லது நடக்கணும்னுதான் எட்மண்ட்... கண்ணைப் பறிக்கிற மாதிரி இருந்துது அந்தத் தட்டு. அதை மட்டும் எப்படி வெறுமனே விடறதுன்னு மனசு கேக்கல.”

எட்மண்ட் அவர் முன்னால் வந்து நின்றார். “பூஜை போட்டதுக்கா உன்மேல கோவப்படுவேன்? பேக்டரியில உன் பக்கத்துல நின்னு எத்தனை வருஷம் பொரி வாங்கித் தின்னிருக்கேன்! கேட்டிருந்தா நானே பாய்மரத்துக்குக் குங்குமம் வெச்சிருப்பேன். நான் படகை எடுக்கும்போது கரையில நின்னு கையாட்டினியே. ‘இருடா, பேட்டரியில கொஞ்சம் கோளாறு’ன்னு சொல்ல உனக்கு வாய் வரலை. என் கை போகட்டும். உன் தப்பை மறைக்க இவன் கன்னம்தானா உனக்குக் கிடைச்சுது?”

“எல்லாரும் கேட்டாங்க, எட்மண்ட். எப்படி ஆச்சு, எப்படி ஆச்சுன்னு... அந்த டிவி கண்ணுல பட்டுது...”

அதற்கு மேல் கோதண்டத்தால் தாங்க முடியவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு பாய்ந்தான். உலகநாதன் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். கோதண்டம் திரும்பிப் பார்த்தான். குரல் உயர்த்தாத அந்த மனிதரின் கை கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. அவருக்கும் அதே கோபம்தான் என்பது அப்போதுதான் கோதண்டத்துக்குத் தெரிந்தது.

“நீ அடிக்க வேண்டியது இல்லடா. அடி வாங்கினவன் பேசட்டும்,” என்றார்.

சண்முகசுந்தரம் வேம்புலியின் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். “மன்னிச்சுடுப்பா.”

வேம்புலி எழுந்து நின்றான். நேற்றிலிருந்து முதல் தடவையாக முதுகு நிமிர்ந்திருந்தது.

“இங்க நாலு பேருதான் கீறாங்க சார். நேத்து நீங்க அறைஞ்சப்ப தெருவே நின்னுச்சி. என் பையன் கூடப் படிக்கிற புள்ளைங்க நின்னுச்சிங்க. மன்னிப்பு எனக்கு எதுக்கு? நேத்து வேடிக்கை பாத்த ஒவ்வொரு ஊட்டு வாசலுக்கும் போயி, ‘வேம்புலி திருடல, தப்பு என்னுது’ன்னு உங்க வாயால சொல்லுங்க. அதுக்கப்புறம் நான் சோறு துன்றேன்.”

“இப்பவேயா? இந்த வெயில்லயா?”

“நான் கூட வர்றேன்,” என்றாள் கண்ணம்மா, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டே. “பாதியை முழுங்கிடாம முழுசா சொல்றாரான்னு கேக்கணும்ல.”

சண்முகசுந்தரம் ஆட்டோவைப் பார்த்தார். கோதண்டம் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

“இன்னா நைனா பாக்குற? வண்டி வராது. நட.”

முதல் வாசலில் குரல் எழும்பவில்லை. “கேக்கல, உரக்க!” என்று பின்னாலிருந்து கண்ணம்மா அதட்டினாள். இரண்டாவது வாசலில் எழும்பியது. தெருவுக்குத் தெரு, வாசலுக்கு வாசல், மடிப்புச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொள்ள, அவர் சொல்லிக்கொண்டே போனார். கடைசி வீட்டில் சொல்லி முடித்த சேதி கரைக்கு வந்த பிறகு, வேம்புலி வெளியே கிடந்த சட்டியை எடுத்து உள்ளே வைத்து, சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். எதிரே கோதண்டமும் உட்கார்ந்தான். அன்றைக்கு அவனுக்கும் அதுதான் முதல் சாப்பாடு.

அவ்வளவுதான் கதை, என் செல்வங்களே. போய்ப் பத்திரமாகப் படுங்கள். உங்கள் வீட்டில் யாரும் செய்யாத தப்புக்குத் தலைகுனியாமல் இருக்கட்டும். செய்த தப்பை வாசலில் நின்று சொல்லும் தைரியம் உங்கள் பிள்ளைகளுக்கு வாய்க்கட்டும். அடுப்பு எரிந்து, அகம் குளிர்ந்து, குடும்பம் தழைத்து, நீங்கள் எல்லோரும் நன்றாக இருங்கள்.