வரிசையில் ஒன்பதாவது ஆள்

திரிகூட மலையேறுவோர் சங்கத்துக்கு எழுபத்துமூன்று வயதாகிறது. வயதுக்கேற்ற சொத்து எதுவும் அதற்கில்லை. குற்றாலத்தில் ஓடு போட்ட ஒற்றை அறை, ஆணியில் தொங்கும் கயிறுகள், மாதம் ஒரு பக்கம் அச்சாகும் 'மலைச் செய்தி', அவ்வளவுதான். அந்தச் செய்தித் தாளிலும் மலையைப் பற்றி நாலு வரி இருந்தால் பெரிது. யாருக்கு மூட்டு தேய்ந்தது, யார் மகளுக்கு நிச்சயம் ஆனது, சுரண்டையிலிருந்து புதிதாகச் சேர்ந்தவர் யார் என்பதுதான் மீதி.

ஆனி மாதத்து இதழை மட்டும் எல்லாரும் இரண்டு தடவை படிப்பார்கள். ஆண்டு ஏற்றத்துக்குப் போகும் பன்னிரண்டு பேரின் பெயர் அதில்தான் வரும். வனத்துறை ஒரே ஒரு பகலுக்குத்தான் அனுமதி கொடுக்கும், பன்னிரண்டு பேருக்கு மேல் ஓர் ஆளையும் விடாது.

இந்த வருஷத்துப் பட்டியலில் தன் மகள் ஆஷிகாவின் பெயரைப் பார்த்த முகம்மது ரபீக், அந்த வரியை மூன்றாவது தடவையும் படித்தார்.

அவள் காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். சங்கத்தில் எப்போது சேர்ந்தாள் என்பதே அவருக்குத் தெரியாது. அதட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். "நீங்களும் ஏறின மலைதானே வாப்பா, நான் ஏறினா மட்டும் என்ன?" என்று அவள் ஒரே போடாகப் போட்டுவிட்டாள். பட்டியலில் இருந்த ஒருவருக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டதும், தென்காசியில் இருந்த தன் டைல்ஸ் கடையை ஒரு நாள் பூட்டிவிட்டு, அந்த இடத்துக்குத் தன் பெயரைக் கொடுத்தார் ரபீக். பதினாறு வருஷமாக அவர் அந்த மலைப்பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு இரண்டு பேரும் சங்க அறைக்கு வந்து சேர்ந்தார்கள். சாரல் பூப்போல விழுந்துகொண்டிருந்தது. அறைக்குள் ஈரக் கயிற்றின் வாடையும் சுக்குக் காப்பி மணமும் கலந்து வந்தன. அட்டைப்பூச்சி ஏறாமலிருக்க எல்லாரும் காலில் உப்புத்தூளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வாலே ரபீக்கு. மலை இன்னும் அங்கனயேதான் இருக்கு, எங்கயும் போகல," என்றார் ஏசுதாசன். சங்கத்தின் செயலாளர், அறுபத்திரண்டு வயது, ஆனால் முன்னால் நடப்பவர் இன்றைக்கும் அவர்தான்.

"ஆமா அண்ணாச்சி," என்றார் ரபீக். அவர் முகத்தைப் பார்த்துப் பேச ரபீக்கால் முடியவில்லை.

சங்கத்தின் வழக்கம் ஒன்று உண்டு. ஏறும் முன், முன்னால் நடக்கும் தலைவரைத் தவிர மற்றவர்கள் தூக்குச்சட்டியில் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். வந்த எண்தான் அன்றைக்கு வரிசையில் அவரவர் இடம். மூடுபனி இறங்கி முன்னால் போகிறவர் முதுகு மறைந்துவிட்டால், தலைவர் நின்று "எண்ணு!" என்று குரல் கொடுப்பார். ஒன்று, இரண்டு என்று முன்னாலிருந்து பின்னால்வரை அவரவர் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். கடைசி ஆளுக்கு வால் என்று பெயர். அவர் குரலும் வந்த பிறகுதான் வரிசை நகரும். தன் எண்ணைத் தன் வாயால்தான் சொல்ல வேண்டும் என்பது சட்டம். அறைச் சுவரில் நீலப் பெயின்டில் அதை எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்தச் சட்டத்தைத்தான் பதினாறு வருஷத்துக்கு முன்னால் ரபீக் மீறினார்.

அன்றைக்கு ஒன்பதாவது ஆள் பெலிக்ஸ், ஏசுதாசனின் தம்பி. பத்தாவது ஆள் ரபீக். இறங்கும்போது கிளிப்பாறைப் பக்கம் பனி அடைத்துக்கொண்டது. பெலிக்ஸ் ஓரமாக ஒதுங்கப் போனான். "எண்ணுனா ஒம்பதையும் நீயே சொல்லிருலே. இல்லன்னா அண்ணன் எல்லாரையும் நிப்பாட்டி ஏசுவான். நான் ஓடி வந்திருதேன்," என்று சிரித்துக்கொண்டே போனான். கிளாஸில் ஆள் இல்லாதவனுக்கு ஆஜர் சொல்வது போலத்தான் ரபீக் அதை நினைத்தார். பெலிக்ஸின் குரல்போல் ஒரு ஒம்பது, தன் குரலில் ஒரு பத்து சொன்னார். வரிசை நகர்ந்துவிட்டது.

மூன்றாம் நாள் பாறைச் சரிவுக்குக் கீழே பெலிக்ஸை எடுத்தார்கள்.

எண்ணும்போது அவன் இருந்தான், அதற்குப் பிறகுதான் விழுந்திருக்கிறான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். ரபீக் வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாதமே ஷார்ஜாவுக்கு விமானம் ஏறிவிட்டார். ஊர் திரும்பி இரண்டு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் யாராவது ஏதாவது எண்ணினால் ஒன்பது வருவதற்குள் அவர் எழுந்து போய்விடுவார்.

தூக்குச்சட்டி சுற்றி வந்தது. ரபீக் எடுத்தது பன்னிரண்டு. அவர்தான் வால்.

ஆஷிகா சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஒம்பது!"

"எனக்கு மாத்திக் கொடு," என்றார் ரபீக்.

"சீட்டை மாத்தக் கூடாதுன்னு இருக்குல்லா வாப்பா?"

ஏசுதாசன் இருவரையும் ஒரு கணம் பார்த்தார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

ஏறும்போது ஒரு குறையும் இல்லை. செண்பகாதேவி அருவியைத் தாண்டியதும் வெயில்கூடக் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. மகளுக்கும் அவருக்கும் நடுவில் இரண்டே பேர். பத்தாவது ஆள் புளியறையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் இசக்கிமணி, பதினொன்றாவது ஹுஸ்னா என்ற பள்ளிக்கூட டீச்சர். அவர்கள் தலைக்கு மேலாக ஆஷிகாவின் மஞ்சள் மழைக்கோட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தார் ரபீக். கால் இடறியபோதுகூட அவர் கண்ணை எடுக்கவில்லை. உச்சியில் எல்லாரும் கட்டுச்சோற்றைப் பிரித்துத் தின்றார்கள். அவருக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. போகலாம் போகலாம் என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார்.

இறங்க ஆரம்பித்துக் கால்மணி நேரத்தில் பனி வந்தது.

முதலில் ஏசுதாசனின் தொப்பி மறைந்தது. பிறகு ஒவ்வொரு முதுகாக மறைந்தது. மஞ்சள் கோட்டு வெளுத்து, சாம்பலாகி, இல்லாமல் போனது. கடைசியில் ரபீக்குக்கு முன்னால் ஹுஸ்னாவின் பை மட்டும் ஆடிக்கொண்டு போனது. பறவைச் சத்தம் நின்றுவிட்டது. இலையிலிருந்து நீர் சொட்டுவது மட்டும் கேட்டது.

"எண்ணு!" என்று முன்னாலிருந்து குரல் வந்தது.

ஒவ்வொரு எண்ணாக இறங்கி வந்தது. எட்டு. "ஒம்பது!" என்று ஆஷிகாவின் குரல் கணீரென்று கேட்டது. பத்து, பதினொன்று. ரபீக் "பன்னெண்டு!" என்று கத்தினார். போன உயிர் திரும்பி வந்தது.

இரண்டாவது தடவை எண்ணியபோது அவர்கள் கிளிப்பாறைக்கு மேலே இருந்தார்கள். ஒன்பது கொஞ்சம் மெதுவாகக் கேட்டது. களைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

அப்போதுதான் ஒரு வாடை அடித்தது. நனைந்த புகையிலை வாடை. அந்தக் காலத்தில் அட்டைக்காகப் புகையிலையை எண்ணெயில் ஊறவைத்துக் காலில் தேய்ப்பவன் பெலிக்ஸ் ஒருவன்தான். மற்றவர்கள் அன்றும் உப்புதான், இன்றும் உப்புதான்.

ரபீக் நடையை வேகமாக்கினார்.

"எண்ணு!"

ஆறு. ஏழு. எட்டு.

"ஒம்பது!"

ஆஷிகாவின் குரல்தான். அதில் சந்தேகமே இல்லை. பெற்றவருக்குப் பிள்ளையின் குரல் தெரியாதா?

ஆனால் அது அவருக்குப் பின்னாலிருந்து வந்தது.

அவர் வால். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது.

"பத்து!" என்றார் இசக்கிமணி. "பதினொண்ணு!" என்றாள் ஹுஸ்னா. பிறகு எல்லாரும் காத்திருந்தார்கள். ரபீக் பின்னால் திரும்பிப் பார்த்தார், வெறும் பனிதான் இருந்தது. பன்னிரண்டைச் சொன்னால் வரிசை நகர்ந்துவிடும். பதினாறு வருஷத்துக்கு முன்னால் நகர்ந்த மாதிரியே நகர்ந்துவிடும்.

"நில்லுங்க!" என்று அலறினார். "யாரும் நகராதீங்க! ஆஷிகா இல்ல!"

"என்ன சொல்லுதீங்க? இப்பதான சொன்னா? என் காதுல விழுந்துச்சே," என்றாள் ஹுஸ்னா. அவளை விலக்கிக்கொண்டு முன்னால் ஓடினார் ரபீக். இசக்கிமணிக்கு முன்னால் யாரும் இல்லை. அவருக்கே அது அப்போதுதான் தெரிந்தது.

"அய்யோ அண்ணாச்சி, மஞ்சக் கோட்டைப் பாத்துக்கிட்டேதான் வந்தேன்," என்று இசக்கிமணி நடுங்கினார்.

ஏசுதாசன் மேலே ஏறி வந்தார். ரபீக்கின் தோளைப் பிடித்துத் திருப்பி, "நடலே," என்றார்.

இருவரும் வந்த வழியே திரும்பி ஏறினார்கள். ரபீக் பிள்ளையைக் கேட்டு இறைவனிடம் மன்றாடிக்கொண்டே ஏறினார். கிளிப்பாறையின் சரிவு ஓரத்தில் புகையிலை வாடை மூக்கைத் துளைத்தது. பனி ஒரு பக்கம் லேசாக விலகியது. சரிவின் விளிம்பில், பாசி பிடித்த பாறை மேல், வெற்றுவெளியைப் பார்த்துக்கொண்டு ஆஷிகா நின்றாள். இன்னும் ஒரு அடி வைத்தால் கீழே வெறும் பனிதான்.

"ஆஷிகா!"

அவள் திரும்பவில்லை. "சும்மா இருங்க. வாப்பா இங்கனயே நிக்கச் சொல்லிட்டுப் போயிருக்காக," என்றாள்.

"நான்தானம்மா வாப்பா."

"இல்ல. இப்பதான் என் தோளைத் தொட்டாக. 'நீ இங்கன நில்லு, எண்ணுனா உன் எண்ணை நான் சொல்லிக்கிடுதேன்'னாக." அவள் குரல் தூக்கத்தில் பேசுவதுபோல் இருந்தது. வலது கால் விளிம்பை நோக்கி மெல்ல நகர்ந்தது.

எண்ணை மாற்றிச் சொல்லும் அந்த ஏற்பாட்டை இந்த உலகத்தில் இரண்டே பேர்தான் அறிவார்கள். அதில் ஒருவன் செத்துப்போனான்.

ரபீக் சரிவைப் பார்த்து முழங்கால் போட்டார். பக்கத்தில் ஏசுதாசன் நிற்பதை மறக்கவில்லை. தெரிந்தேதான் கத்தினார்.

"பெலிக்ஸு! அன்னைக்கு ஒம்பதுன்னு சொன்னது நான்தாம்லே! நீ வராம நான் இறங்கிட்டேன். பொறவும் யாருக்கிட்டயும் சொல்லல. பிள்ளையை விட்டுரு. அவ என்ன செஞ்சா?"

நீர் சொட்டும் சத்தம் நின்றது.

"எண்ணு!" என்று ஏசுதாசன் தன் தலைவர் குரலில் கூவினார்.

"ஒம்பது," என்றது ஆஷிகாவின் குரல், மரங்களுக்கு நடுவிலிருந்து. விளிம்பில் நின்ற ஆஷிகாவின் உதடு அசையவில்லை.

"நீ சொல்லு தாயி!" என்று ரபீக் கதறினார். "உன் எண்ணை உன் வாயால சொல்லு! வேற யாரையும் சொல்ல விடாத!"

அவள் உதடு அசைந்தது. "ஒம்... ஒம்பது," என்றாள். சொன்ன மறு நொடி கீழே பார்த்தாள், வீறிட்டாள். ஏசுதாசன் பாய்ந்து அவள் பையைப் பிடித்து இழுத்தார். மூன்று பேரும் சேற்றில் விழுந்தார்கள்.

அடிவாரம் வந்து சேரும்வரை ரபீக் மகளின் கையை விடவில்லை. வரிசையை யாரும் பார்க்கவில்லை, எண்ணச் சொல்லவும் யாருக்கும் தைரியம் வரவில்லை. மணி மூன்றரை இருக்கும். மற்றவர்கள் வேனில் ஏறிக்கொண்டிருந்தபோது ஏசுதாசன் ரபீக்கின் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னை அடிச்சிருங்க அண்ணாச்சி," என்றார் ரபீக்.

"என் தம்பி குரல் எனக்குத் தெரியாதாலே?" ஏசுதாசனின் கண்கள் நிறைந்திருந்தன. "அது அவன் இல்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். விளையாடுதானுவன்னு நெனச்சேன். மழைக்கு முன்னால இறங்கணும்னு வரிசையை நகத்துனது நான். நீ மட்டும் சுமக்காத."

ரபீக் அழுதார். வெட்கமே படாமல், ரோட்டில் போகிறவர்கள் பார்க்க, வாய்விட்டு அழுதார். பதினாறு வருஷப் பாரம் நெஞ்சிலிருந்து இறங்கியது. ஆஷிகா அவர் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவள் போனுக்கு அப்போதுதான் சிக்னல் வந்தது. உடனே மணி அடித்தது. வீட்டிலிருந்து அவள் உம்மா சாஜிதா. ஆஷிகா ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏட்டி, எங்கன நிக்கே? போன் போட்டுப் போட்டுக் கையே வலிக்கி. உங்க வாப்பா வந்து அரைமணி நேரமாச்சு. உன்னைக் கேட்டா 'பின்னால வருதா'ன்னு ஒத்த வார்த்தைதான் சொல்லுதாக. ஈரத்துணியைக்கூட மாத்தாம சோத்துக்கு உக்காந்திருக்காக."

ரபீக் போனைப் பிடுங்கினார். "சாஜிதா, நான்தான் பேசுதேன். நான் இன்னும் குற்றாலத்துலதான் நிக்கேன். நீ உடனே வெளிய வா. வீட்டை விட்டு வெளிய வா!"

மறுமுனையில் தட்டில் கரண்டி படும் ஒலி மட்டும் கேட்டது. பிறகு சாஜிதாவின் குரல் தணிந்து, கிசுகிசுப்பாக வந்தது.

"அவுக இந்தா என் கண்ணு முன்னால இருக்காக. ஏட்டி ஆஷிகா, உன் பக்கத்துல நிக்குத ஆள் யாரு?"

ரபீக் மகளைத் திரும்பிப் பார்த்தார். ஆஷிகா அவர் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, பிடித்திருந்த கையிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டு, ஏசுதாசனின் பின்னால் போய் நின்றாள்.