மூன்றாவது பாவை

வெள்ளாற்றில் அந்தி இறங்கிக்கொண்டிருந்தது. மேற்கே கதிரவன் மறைந்தும் மறையாமலும் தயங்கி நிற்க, கிழக்கே தென்னந்தோப்புகளுக்கு மேலே முழுமதி மெல்லத் தலைகாட்ட, இரண்டு ஒளிகளுக்கும் நடுவில் அகப்பட்ட ஆற்றுநீர் பாதி செம்பாகவும் பாதி வெள்ளியாகவும் தகதகத்து ஓடியது. வேறொரு நாளாயிருந்தால், அன்பு வாசகர்களே, இந்த அழகைப் பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று உங்கள் கையைப் பிடித்து நிறுத்தியிருப்பேன். இன்று அதற்கு மனம் வரவில்லை. மருதங்கோட்டையின் நீர்வாயில் துறையில் ஒரு சிதை அடுக்கப்பட்டிருக்கிறது. அதன்மேல் கிடத்தப்பட்டிருப்பவள் இளவரசி தேவநங்கை. அந்தத் தேவநங்கையோ மேல்மாடத்துச் சாளரத்தருகே நின்று, தன் சிதையைத் தானே பார்த்துக்கொண்டிருக்கிறாள்!

பதற வேண்டாம். சிதையில் கிடந்தது இளவரசியின் பட்டாடை உடுத்திய தருப்பைப் பாவை. மருதங்கோட்டை வேளிர் குலத்தில் யாராவது மானக்கேடு தேடிக்கொண்டால் அவரை விசாரிப்பதில்லை, சிறையில் இடுவதுமில்லை. விசாரித்தால் ஊர் பேசும் அல்லவா? அதற்குப் பதிலாக அவருக்கு ஒரு பாவை கட்டி அந்தியில் எரித்துவிடுவார்கள். எரிந்தபின் அவர் செத்தவர். அவருடைய பெயரை உயிருள்ளவர்கள் சொல்லக் கூடாது. முகத்தைப் பார்க்கக் கூடாது. அவரைத் தீண்டியவரும் எரிந்தவராகவே கருதப்படுவார். சிதை அடங்குவதற்குள் முகத்தைத் துணியால் மூடிய படகோட்டி ஒருவன் அவரை அக்கரையில் கொண்டுபோய் விட்டுவிடுவான். எவ்வளவு சுத்தமான ஏற்பாடு பார்த்தீர்களா? பெற்ற பிள்ளையைக் குப்பையோடு கூட்டித் தள்ளிவிட்டு, மறுநாள் காலையில் வாசலில் கோலமும் போட்டுவிடலாம்.

அரசமாதா அருமொழிநங்கை கையில் வாய்க்கரிசியோடு சிதையருகே நின்றார். குலத்தின் மூத்த பெண்தான் அதைப் போடவேண்டும் என்பது முறை. அரிசியைப் போடாமல் தயங்கினார். பக்கத்தில் தீப்பந்தத்தோடு நின்ற மகன், அரசன் கண்டன்வேள், மெல்லிய குரலில் அவசரப்படுத்தினான்.

"தாயே, ஊரார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்."

ஊரார்! அந்த ஒரு சொல்லுக்காகத்தானே இத்தனையும்? மேலைநாட்டிலிருந்து பெண் கேட்டு வந்த பெரியவர்கள், ஆற்றிடைத் திட்டில் இளவரசி யாரோ ஓர் ஆடவன் தோளில் முகம் புதைத்து நின்றதைக் கண்டார்கள். தாம்பூலத்தைக்கூடத் தொடாமல் வந்த வழியே திரும்பினார்கள். அவர்களுடைய குதிரைகள் எல்லையைத் தாண்டுவதற்குள் ஊர் அந்தச் சேதிக்குக் கையும் காலும் மூக்கும் வைத்துவிட்டது. அவன் யார் என்று கண்டன்வேள் வாளை உருவி மிரட்டினான். அருமொழிநங்கை மகளின் மோவாயைப் பிடித்துக் கெஞ்சினார். "ஒரே ஒரு பெயரைச் சொல்லிவிடு, கண்ணே. அவன் எந்தக் குலத்தானாக இருந்தாலும் சரி, நான் பார்த்துக்கொள்கிறேன்."

"நான் உயிரோடு இருக்கும்வரை சொல்ல முடியாது, அம்மா" என்பதற்கு மேல் அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை.

அழுத்தக்காரி என்று தாய்க்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் பாவை கட்ட அவர் சம்மதித்தார். இப்போதோ அந்தக் கோபம் போன இடம் தெரியவில்லை. ஏனென்றால் இந்தக் கை வாய்க்கரிசி போடுவது இது முதல் தடவை அல்ல. சில ஆண்டுகளுக்கு முன்பு, அவருடைய தலைமகன், பட்டத்துக்குரிய நம்பிவேள், போர்க்களத்திலிருந்து முதுகில் வேற்காயத்தோடு தூக்கிவரப்பட்டான். புறமுதுகிட்டவன் வேளிர் அரியணையில் அமர்வதாவது! காயம் ஆறுவதற்குள் பாவை எரிந்தது. அவனை ஏற்றிச் சென்ற படகு நடு ஆற்றில் கவிழ்ந்து, வெறும் படகாகக் கரை ஒதுங்கியது. அந்தப் பெயரை அன்றுமுதல் அருமொழிநங்கை வாய்விட்டுச் சொன்னதில்லை. தலையணையிடம்கூடச் சொன்னதில்லை.

அரிசி விழுந்தது. பந்தம் சாய்ந்தது. தருப்பை சடசடவென்று பற்றிக்கொண்டது.

சற்று நேரத்துக்கெல்லாம் நீர்வாயில் மண்டபத்தில் ஒரு திரை கட்டப்பட்டது. எரிந்தவர் திரைக்கு அப்பால் படிகளில் நின்று விடைபெறுவது வழக்கம். இப்பால் அரசனும் அரசமாதாவும் நான்கைந்து காவலர்களும் நின்றார்கள். படிக்குக் கீழே, முகத்தை மூடிய படகோட்டி துடுப்போடு காத்திருந்தான்.

"போகிறவர் போகலாம்" என்றான் கண்டன்வேள், முறைப்படி.

"போகத்தான் போகிறேன். அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும்" என்றது திரைக்குப் பின்னாலிருந்து தேவநங்கையின் குரல். அதில் அழுகை இல்லை. "அம்மா! நான் உயிரோடு இருக்கும்வரை அவரைப் பற்றி வாய் திறக்க மாட்டேன் என்று ஒருவருக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தேன். அந்தச் சத்தியம் இன்று அந்தியோடு முடிந்துவிட்டது. நீங்களே அரிசி போட்டு முடித்து வைத்தீர்கள்."

அருமொழிநங்கை திரையை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தார். "யாருக்கு, கண்ணே? யாருக்குச் செய்து கொடுத்தாய்?"

"உயிருள்ளவர்கள் சொல்லக் கூடாத பெயர் அது. செத்தவளுக்கு என்ன தடை? நம்பி அண்ணனுக்கு, அம்மா. திட்டில் நான் பார்த்தது நம்பி அண்ணனை."

அரசமாதா பக்கத்துத் தூணைப் பற்றிக்கொண்டார். நம்பியா? ஆறு கொண்டுபோன நம்பியா?

"பொய்!" என்று கத்தினான் கண்டன்வேள். "மானம் கெட்டவள் தன் கள்ளத்தனத்தை மறைக்கச் செத்தவனைத் துணைக்கு அழைக்கிறாள். தாயே, கேட்காதீர்கள்!"

"அன்று படகு தானாகக் கவிழவில்லை, கவிழ்க்கப்பட்டது" என்றாள் தேவநங்கை, அவனுக்குப் பதில் சொல்லாமலே. "அண்ணன் முதுகில் பாய்ந்ததும் பகைவனுடைய வேல் அல்ல. முறிந்த முனையை அவர் இன்னும் வைத்திருக்கிறார். அதில் இரட்டை மருதப்பூப் பொறித்திருக்கிறது."

இரட்டை மருதப்பூ! இளையவன் கண்டனுக்கு முதல் வேல் வடித்தபோது, ஆசையாய் அந்தப் பூவைப் பொறிக்கச் சொன்னவரே அருமொழிநங்கைதான். அவர் திரும்பி மகனைப் பார்த்தார். கண்டன்வேளின் முகம் வெளிறிப்போயிருந்தது. பெற்றவளுக்கு அதற்குமேல் சாட்சி வேண்டுமா?

"காவலர்களே! அவளைப் பிடியுங்கள்! அக்கரைக்கு விடாதீர்கள்!"

ஒருவனும் அசையவில்லை. தீண்டினால் தீண்டியவனும் எரிந்தவன் ஆயிற்றே! மனைவி மக்களை விட்டு அந்தப் படகில் ஏற யார் முன்வருவார்? அடக்கி ஒடுக்குவதற்கென்று அவர்கள் குலம் கண்டுபிடித்த சடங்கே இப்போது அந்தப் பெண்ணுக்குக் கவசமாக நின்றது.

"அப்படியானால் வில்லை எடுங்கள்! அம்பு எய்வதற்குத் தீண்ட வேண்டியதில்லை!"

ஒரு காவலன் தயங்கித் தயங்கி வில்லில் கை வைத்தான். அப்போதுதான் அருமொழிநங்கை நடந்தார். யாரும் தடுப்பதற்குள் திரையைப் பற்றி இழுத்தார். அது கயிற்றோடு அறுந்து விழுந்தது. நிலவொளியில் மகளின் முகம் தெரிந்தது. அதை இரண்டு கைகளாலும் ஏந்தி, நெற்றியில் முத்தமிட்டார்.

"தாயே! என்ன காரியம் செய்தீர்கள்!" கண்டன்வேளின் குரல் உடைந்தது.

"தீண்டிவிட்டேன், அப்பா. இனி நானும் எரிந்தவள்தான். நாளை அந்திக்கு இன்னொரு பாவை கட்டச் சொல். வாய்க்கரிசி போட இந்த வீட்டில் இனிப் பெண் யாரும் இல்லை; அதையும் நீயே போட்டுவிடு. இப்போது எய்யச் சொல் பார்க்கலாம்!"

வில் தாழ்ந்தது. தாயும் மகளும் கைகோத்துப் படியிறங்கிப் படகில் ஏறினார்கள். அரசமாதா கோட்டைக்கு முகம்காட்டி, மகளைத் தம் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். படகோட்டி துடுப்பை அழுத்தினான்.

அம்பு எட்டாத தூரம் வந்த பிறகுதான் அவருக்கு அழுகை பொங்கியது. "எங்கே இருக்கிறான் அவன்? முதுகுக் காயத்தோடு பெற்றவளே துரத்திவிட்ட பிள்ளை... நான் எந்த முகத்தோடு அவன்முன் நிற்பேன்? என்னை அம்மா என்று கூப்பிடுவானா, நங்கை?"

தேவநங்கை படகின் மறுகோடியைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே துடுப்பின் ஓசை நின்றுவிட்டது. மேலாடை நழுவிய படகோட்டியின் முதுகில், தோளுக்குச் சற்றுக் கீழே, கோணலாக ஆறிப்போன தழும்பு ஒன்று நிலவில் பளபளத்தது.

"உங்கள் படகோட்டி என் குடிசையில் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறான்" என்று முகத்துணியை அவிழ்த்தபடியே சொன்னான் அவன். "தங்கையை நானே அழைத்துப் போகலாம் என்று வந்தேன். நீங்களும் வருவீர்கள் என்று நினைக்கவில்லை, அம்மா."

அருமொழிநங்கை தவழ்ந்து சென்று அந்தத் தழும்பின்மேல் கையை வைத்தார். அரிசி போட்ட அதே வலக்கை. வெகு நேரம் அதை எடுக்கவேயில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று, கரையில் இன்னும் புகைந்துகொண்டிருந்த சிதையைப் பார்த்துச் சொன்னார்:

"நம்பி! உனக்கு உயிரோடு வாய்க்கரிசி போட்ட கை இது. இந்தக் கையாலேயே உனக்கு முடி சூட்டாமல் அந்தத் துறையில் நான் கால் வைக்க மாட்டேன். இது சத்தியம்."