ஒப்புத்தலை

மூளையின் ரத்த ஓட்டத்தைப் படமாகக் காட்டும் குருதிவரைவி வந்த பிறகு கோவையில் யாரும் தனியாகக் கழுத்து வைத்தியத்துக்குப் போவதில்லை. கூடவே ஒரு ஒப்புத்தலை வேண்டும். ஒரே வீட்டில் உண்டு உறங்குகிறவரின் மூளையில் ரத்தம் ஓடும் விதத்தை அளவாக வைத்துத்தான் அந்த இயந்திரம் நோயாளியின் மூளையை எடைபோடும். தணிகாசலத்துக்கு ஒப்புத்தலை அவர் மனைவி அமுதவல்லி.

அவர் கழுத்தின் இடப்பக்க ரத்தக்குழாயில் கோலிக்குண்டு அளவு வீக்கம். வெடித்தால் ஆள் போனார். அந்தக் குழாயையே அடைத்துவிடலாம். ஆனால் மறுபக்கக் குழாய் மூளைக்கு ரத்தம் கொடுத்துச் சமாளிக்க வேண்டும். அதைப் பார்க்கத்தான் இன்று பலூனால் கொஞ்ச நேரம் அடைக்கிறார்கள். அந்த நேரம் முழுக்க ஒப்புத்தலை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்; பழகிய குரல் கேட்டால்தான் ரத்தம் மறுபக்கத்திலிருந்து வழி தேடும்.

இருவர் தலையிலும் வலைத்தொப்பி மாட்டி, திரையில் இடமும் வலமுமாகத் தெரிந்த இரண்டு படங்களில் எது யாருடையது என்று டாக்டர் ரெபேக்கா விளக்கினார். அமுதவல்லி காதில் அது ஏறவில்லை. சரியாக அப்போதுதான் தணிகாசலம், "நாளைக்கு ஷட்டில் ஆட வரமாட்டேன்னு மாலினிக்குச் சொல்லிடு" என்றார். கழுத்தில் பலூன் போகிற நேரத்தில் நினைப்பைப் பார்!

"மாடியில மாங்கன்னு துளிர் விட்டிருக்குதுங்க" என்று ஆரம்பித்தாள். இடப்பக்கப் படம் நீலமாகக் கிடந்தது.

"மாலினிகிட்டச் சொல்லியாச்சுங்க" என்றாள், வேண்டுமென்றே. படம் குப்பென்று சிவந்தது.

அடப்பாவி மனுசா! இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாள். இன்னும் சிவப்பு. சோறு போடுகிறவளுக்கு நீலம், பந்தடிக்கிறவளுக்குச் சிவப்பா? வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"பேசுங்கம்மா, ஓட்டம் இறங்குது!" டாக்டர் பதறினார்.

"அந்த மாலினியை வரச் சொல்லுங்க. அவ பேருக்குத்தானே இவருக்கு ரத்தம் ஏறுது? படத்தைப் பாருங்க!"

"அது உங்க படம்மா! அவரோடது வலப்பக்கம்!"

வலப்பக்கப் படம் கறுத்துக்கொண்டிருந்தது. தணிகாசலத்தின் வலது கை துவண்டு கட்டிலோரம் தொங்கியது.

"ஏனுங்க! என்னை விட்டுட்டுப் போயிருவீங்களா? கண்ணைத் தொறங்க! எந்திரிச்சு வாங்க, உங்களுக்கு இருக்குது!" என்று கத்தினாள். கறுப்பு கலைந்தது; ரத்தம் மறுபக்கத்திலிருந்து வழி பிடித்து ஏறியது. கை அசைந்தது.

"அடைச்சிடலாம். ஆனா ரெண்டு மாசத்துக்கு நீங்க பேச்சை நிறுத்தக் கூடாது" என்றார் டாக்டர்.

அமுதவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மாலினின்னு சொன்னப்போ இவர் படம் எப்படிங்க இருந்துச்சு?"

"அசையவே இல்ல."

நிம்மதியாக இடப்பக்கம் திரும்பினாள். படம் மறுபடி சிவந்திருந்தது. அந்த அறையில் மாலினியை விடாமல் நினைத்துக்கொண்டிருந்த தலை அது ஒன்றுதான்.