பல் பதிந்த திருப்புளி

வெயில் முற்றத்துக்கு வந்துவிட்டது. கொழுந்தன் வெள்ளத்துரையை இன்னும் காணவில்லை.

முத்துத்தாய் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். அவள் புருஷன் சுயம்புலிங்கத்துக்கு இன்று பதினாறாம் நாள் விசேஷம். பிள்ளை இல்லாத வீடு. தம்பிதான் உட்கார்ந்து சடங்கைச் செய்ய வேண்டும். அய்யர் வந்து காத்திருந்தார்.

"இளையரசனேந்தல் பஸ்சு வந்து நேரமாச்சே... வருவானா?" என்றாள் பக்கத்து வீட்டுச் சங்கரம்மாள்.

"வருவாரு" என்றாள் முத்துத்தாய். கொள்ளி வைத்த அன்றும் அவன் சுடுகாட்டோடு திரும்பிவிட்டான். இந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை.

சுயம்புலிங்கம் பட்டாளத்தில் வண்டிகளைப் பழுது பார்த்தவர். எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டை முடிந்து சங்கரன்கோவிலுக்குத் திரும்பி, வீட்டு முன்னறையில் மோட்டார் ரிப்பேர் கடை போட்டார். குருவிகுளம், திருவேங்கடம் பக்கத்துக் கிணற்று மோட்டாரெல்லாம் அவரிடம்தான் வரும். பக்கத்தில் எப்போதும் முத்துத்தாய் நிற்பாள். வந்தவர் சொன்னதை அவர் முகத்துக்கு நேரே நின்று திருப்பிச் சொல்வாள். அதற்குப் பிறகுதான் அவரிடமிருந்து பதில் வரும். "பட்டாளத்தானை முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கா" என்று ஊர் சிரித்தது. அவள் வாய் திறந்ததில்லை.

வெள்ளத்துரை வந்தான். பின்னால் அவன் பெண்டாட்டி ஆறுமுகத்தாய். வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"உள்ள வாங்க தம்பி..."

"வாரேன் மதினி. அதுக்கு முந்தி ஒண்ணு கேக்கணும். எங்கம்மா செத்த அன்னைக்குச் சேதி சொல்ல நான்தான் ஓடியாந்தேன். இந்தா, இந்தப் படியில நின்னு அண்ணே, அண்ணேன்னு தொண்டை கிழியக் கூப்பிட்டேன். முதுகைக் காட்டிக்கிட்டு மோட்டாரையே கட்டிக்கிட்டு இருந்தாரு. திரும்பலையே! ஆத்திரத்துல போயிட்டேன். அவரு வந்து சேரும்போது அம்மா பாதி வெந்துட்டா... நான் வந்தா முகம் குடுக்கக் கூடாதுன்னு சொல்லி வச்சது நீங்கதானே?"

முத்துத்தாய் கண்ணை மூடிக்கொண்டாள். அன்றைக்கு அவள் சந்தைக்குப் போயிருந்தாள். அன்று ஒரு நாள் அவள் பக்கத்தில் இல்லை.

"தம்பிகிட்டயாவது சொல்லிருவோமே" என்று பிறகு புருஷனிடம் எத்தனையோ முறை கெஞ்சியிருக்கிறாள். "குண்டு வெடிச்சுக் காது போனவன்னு தெரிஞ்சா எவன்ட்டி மோட்டார் கொண்டாருவான்? செவிடன்னு ஊரே கூப்பிடும். நான் செத்தாலும் உன் வாயால சொல்லக் கூடாது" என்று அவள் உதட்டசைவைப் பார்த்தபடியே அவர் கையை நீட்டினார். அவள் அடித்துச் சத்தியம் செய்தாள்.

"சொல்லுங்க மதினி! இல்லைன்னா நான் சடங்குக்கு உக்கார மாட்டேன்."

"அத்தான் இருந்த வரைக்கும் ஓயாத வாய்! இப்ப ஏன் ஒட்டிக்கிச்சு?" என்றாள் ஆறுமுகத்தாய்.

அய்யர் எழுந்து துண்டை உதறினார்.

சொன்னால் புருஷனுக்குக் கொடுத்த வாக்கு போகும். சொல்லாவிட்டால் அவருடைய சடங்கே நின்றுபோகும்... படையலில் முத்துத்தாய் அவருடைய ரிப்பேர் ஆயுதங்களை வைத்திருந்தாள். அதிலிருந்து திருகாணி முடுக்கும் திருப்புளியை எடுத்தாள். மரக்கைப்பிடி முழுக்கப் பல் தடம். நேரே முன்னறைக்குப் போய் அங்கே கிடந்த கிரைண்டர் மோட்டாரை ஓடவிட்டாள்.

"தம்பி, உங்க அண்ணன் செய்யுற மாதிரி இதைப் பல்லுல கடிச்சுக்கிட்டு, முனையை மோட்டார் மேல ஊனுங்க. ரெண்டு காதையும் விரலால அடைச்சுக்கிடுங்க."

"என்ன மதினி கூத்து இது?"

"உங்க அண்ணனுக்காக... ஒரு தடவை!"

அவள் முகத்தைப் பார்த்தவன் மறுக்கவில்லை. குனிந்து கடித்தான். காதை அடைத்தான். மோட்டார் அவன் மண்டைக்குள் ஓடியது. உள்ளே பேரிங்கின் ஒவ்வொரு உருளையும் உருளுவது பல் வழியே தெரிந்தது. வேறு எதுவும் இல்லை.

முத்துத்தாய் பின்னால் போய் அதே படியில் நின்றாள். "தம்பி!" என்றாள். பிறகு தொண்டை கிழிய, "தம்பீ...!"

அவன் திரும்பவில்லை.

"ஏங்க, மதினி கூப்பிடுதாக... ஏங்க!" ஆறுமுகத்தாயும் கத்தினாள். பதறிப் போய் அவன் தோளைத் தொட்டாள்.

வெள்ளத்துரை திருப்புளியை வாயிலிருந்து எடுத்துக்கொண்டு திரும்பினான். "என்னட்டி? கூப்பிட்டியா?"

கேட்ட பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கையிலிருந்த திருப்புளியைப் பார்த்தான். படியில் நின்ற மதினியைப் பார்த்தான்.

"அண்ணனுக்கு... கேக்கவே இல்லையா?"

"நான் ஒண்ணும் சொல்லலை தம்பி. சொல்ல மாட்டேன்னு அவருக்கு வாக்கு குடுத்திருக்கேன்."

அவன் அவள் காலடியில் விழுந்தான். "பழியெல்லாம் நீங்க சுமந்தீங்களே மதினி!" ஆறுமுகத்தாய், "அக்கா..." என்று அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள். பதினாறு நாளும் வராத அழுகை முத்துத்தாய்க்கு அப்போதுதான் வந்தது.

அய்யர் மறுபடி உட்கார்ந்தார். வெள்ளத்துரை குளித்து, ஈர வேட்டியோடு அண்ணன் படத்தின் முன்னால் வந்து, "அண்ணே..." என்றான். மதினியைத் திரும்பிப் பார்த்தான்.

"நீங்க சொல்லுங்க மதினி. நீங்க சொன்னாத்தான் அவருக்குக் கேக்கும்."

முத்துத்தாய் வழக்கம்போல் அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

"தம்பி வந்திருக்காரு" என்றாள். "உங்களைக் கூப்பிடுதாரு."