ஆறு வரிசை, வரிசைக்கு எட்டு

மேசைமேல் கிடந்த வெள்ளிக் கை யாருடையது என்று ஜனார்தனுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. எட்டு மாதத்துக்கு முன்னால், மகள் ஸௌம்யாவின் வலது கையை நோட்டுத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, ஸ்ரீபெரும்புதூர்ப் பத்தரிடம் கொடுத்துத் தகடாக அடித்து வாங்கி, கோயில் உண்டியலில் போட்டவன் அவன்தான். ஜுரம் விட்ட மறுநாள் அவள் கை விறைத்து, சுண்டுவிரல் கொக்கிபோல உள்ளே வளைந்துவிட்டது. எந்த டாக்டருக்கும் பிடிபடவில்லை. தகட்டை உண்டியலில் போட்ட ஒன்பதாம் நாள் விரல் நிமிர்ந்தது. தகட்டில் மட்டும் அது இன்னும் வளைந்தே இருந்தது.

"இது எங்கேர்ந்து வந்தது, எல்லப்பன்?"

லேசர் மெஷின் ஆபரேட்டரான எல்லப்பன் தகட்டைக் கையால் தொடாமல் ஸ்க்ரூ டிரைவரால் தள்ளிக் காட்டினான். "கோயிலாண்ட கடை வெச்சிகீறாரே, அவுரு குட்த்தாரு சார். உண்டியல் சாமான ஏலத்துல எட்த்தாராம். இதே மாரி எவர்சில்வர்ல நாப்பத்தெட்டு கேக்குறாரு." கொஞ்சம் நின்று, "போட்டத திருப்பி எட்த்தா வுட்டுட்டு வந்ததும் கூடவே வரும்னு எங்கூட்ல சொல்லுவாங்க" என்றான்.

"வேலையைப் பாரு."

சொன்னானே தவிர, அவனே அங்கிருந்து நகரவில்லை. முதலாளி சம்பத்குமாரிடம் போய் மாட்டேன் என்று சொல்லலாம். எதைச் சொல்லி? 1991-ல், தண்டலம் பக்கம் வேறெங்கும் இல்லாத மெஷினை ஓட்டத் தெரிந்த இன்ஜினியர், வேண்டுதல் தகட்டைக் கண்டு பயந்தான் என்றா? அவனுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடேயே தகட்டை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் அறைக்குள் போனான்.

ஏ.சி.க்காகவும் தூசிக்காகவும் ஜன்னலெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டிய அறை அது. வெளியே ஆடி வெயில் கொளுத்தினாலும் உள்ளே எந்நேரமும் ஒரே இருட்டு, ஒரே குளிர், பச்சை எழுத்து ஓடும் திரையின் மெல்லிய ரீங்காரம், சுவருக்கு அப்பாலிருந்து கசிந்து வரும் பொசுங்கிய இரும்பு வாசனை. தகட்டின் ஓரத்தைக் கம்ப்யூட்டரோடு இணைத்த பேனாவால் புள்ளி புள்ளியாகத் தொட்டு அவன் வரைந்து முடித்தபோது, திரையில் தன் மகளின் கை பச்சைக் கோடாக விரிந்து கிடப்பதைக் கண்டான். அதை நிமிர்ந்து பார்க்கப் பிடிக்கவில்லை.

எத்தனை வரிசை என்று கேட்டது கம்ப்யூட்டர். ஷீட்டில் ஆறுதான் அடங்கும். ஆறு. வரிசைக்கு எத்தனை? எட்டு. இடைவெளி? ஐந்து மில்லிமீட்டர். பொத்தானை அழுத்தினான்.

கைகள் மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக வந்தன. ஒரே சாய்வு, ஒரே இடைவெளி, ஒரே வளைந்த விரல். பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்லத் தூக்கிய கைகள் மாதிரி இருந்தது. கடைசி வரிசை நிரம்பியதும் ஒரு தடவை சரிபார்த்தான். ஆறாவது வரிசை, மூன்றாவது கை. அதில் சுண்டுவிரல் நேராக இருந்தது.

அப்படி இருக்கவே முடியாது. எல்லாம் ஒரே வரைபடத்தின் நகல். ஒன்றில் இருப்பதுதான் எல்லாவற்றிலும் இருக்கும். மொத்தத்தையும் அழித்துவிட்டுத் திரும்பப் போட்டான். மறுபடியும் அதே இடம், அதே நிமிர்ந்த விரல். ஏ.சி. சத்தம் நின்றுவிட்டதுபோலக் காதடைத்தது. கழுத்துக்குப் பின்னால் ஒரு குழந்தையின் மூச்சு பட்டது. திரும்பினால் கறுப்புத் தாள்தான் இருந்தது.

கதவைத் தட்டி, "ஆச்சா ஜனா?" என்றார் சம்பத்குமார்.

"ஒண்ணு மட்டும் சரியா வரலை சார். சரிபண்ணிடறேன்."

ஒழுங்காக வேலை செய்துதான் அவனுக்குப் பழக்கம். அந்த ஒரு கையை மட்டும் அழித்தான். பக்கத்துக் கையை நகலெடுத்து அதே இடத்தில் பொருத்தினான். இப்போது நாற்பத்தெட்டும் ஒன்றுபோல இருந்தன. மெஷினுக்கு அனுப்பிவிட்டான்.

நிமிஷத்துக்கு ஒரு கை. வெட்டுப்பட்ட தகடு தட்டில் விழும் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. டிங். சற்றுப் பொறுத்து இன்னொரு டிங். பத்துப் பன்னிரண்டு விழுந்திருக்கும். போன் வந்திருப்பதாகச் சம்பத்குமார் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

ஸௌம்யாவின் டீச்சர் மரகதம். "சார், முதல் வரிசைப் பசங்க எட்டு பேருக்கும் கை விறைச்சுப் போச்சு. போன வருஷம் உங்க பொண்ணுக்கு வந்த மாதிரியே இருக்குது. எந்த டாக்டர்கிட்ட காட்டினீங்க?"

"ஸௌம்யா?"

"அவ நல்லாத்தான் இருக்கா. கடைசி வரிசைல உக்காந்திருக்கா."

கம்ப்யூட்டர் அறைக்குத் திரும்பி மொபெட் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான். மெஷினைத் தாண்டித்தான் வாசல். அதை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கம்ப்ரசர் இரைச்சலில் எல்லப்பன் இவனைக் கவனிக்கவே இல்லை. அழுத்தியிருக்கலாம். தன் அறையைப் பூட்டிய சம்பத்குமார் சாவியைச் சட்டைப் பையில் போட்டபடி, மெட்ராஸ் கிளம்பக் காரருகே நின்று இவனையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜினியர்தானே நீ என்று தன்னையே திட்டிக்கொண்டு அழுத்தாமல் போய்விட்டான்.

நெடுஞ்சாலை முழுக்க லாரிகள். மொபெட் பள்ளிக்கூடத்தைச் சேர இருபத்தைந்து நிமிஷம் பிடித்தது.

வகுப்பு வாசலில் கால் நின்றது. பெஞ்சுக்கு எட்டுக் குழந்தைகள். ஆறு பெஞ்சு. முதல் நான்கு பெஞ்சிலும் எல்லா வலது கையும் தோளுக்கு மேல் எழும்பி, ஒரே சாய்வில், ஒரே இடைவெளியில் நின்றன. எல்லாவற்றிலும் சுண்டுவிரல் கொக்கி. ஒரு குழந்தையும் அழவில்லை. ஐந்தாவது பெஞ்சில் இடமிருந்து ஆறாவது பையனின் கை, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மேலே எழுந்தது.

முப்பத்தெட்டு. அவனை அறியாமல் எண்ணினான்.

ஸௌம்யா கடைசி பெஞ்சில் மூன்றாவதாக உட்கார்ந்திருந்தாள்.

ஆபீஸ் அறைக்கு ஓடி போனைச் சுழற்றினான். பூட்டிய அறையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க ஆளில்லை. கம்ப்ரசர் இரைச்சலில் எல்லப்பனுக்குக் கேட்காது. வைத்துவிட்டு மறுபடியும் சுழற்றினான். மணி. மணி. மணி.

திரும்பி வந்தபோது ஐந்தாவது பெஞ்சு முடிந்திருந்தது. ஆறாவதில் முதல் பெண்ணின் கையும் மேலே போய்விட்டது. ஸௌம்யாவை அப்படியே தூக்கிக்கொண்டு வெளியே ஓடினான். வராந்தா. படி. மைதானத்தின் நடு. சுற்றிலும் யாருமில்லை. வரிசையும் இல்லை. மண்டியிட்டு அவள் வலது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து அழுத்திப் பிடித்தான்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்லேடா கண்ணா. விரலை நேரா வெச்சுக்கோ. மடக்காதே."

"மடக்கலையே."

அந்த ஒரு கைதான் திரையில் சரியாக இருந்தது. அதைத்தான் அவன் திருத்தினான்.

உள்ளே மரகதத்தின் குரல். "ஐயோ, இவளுக்குமா."

நாற்பத்திரண்டு.

பிடியை இறுக்கினான். அவள் விரல்கள் வெதுவெதுப்பாக, மெத்தென்று இருந்தன. அரை நிமிஷம். வியர்வை. பெருமாளே. முக்கால்.

அவன் உள்ளங்கைக்குள் சுண்டுவிரல் மெதுவாக நகர்ந்தது. முழு பலத்தோடு பிடித்தான். அது நிற்கவில்லை.

"வலிக்கலேப்பா" என்றாள் ஸௌம்யா. அவள் அவனைப் பார்க்கவில்லை. வகுப்பு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் இரண்டு கைகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, அவள் கை தோளுக்கு மேல் உயர்ந்தது.