அம்மாவுக்கு எந்த கோர்ஸ்?

கடுகுக்குப் பத்து வயது. பள்ளியில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் வீட்டிலும் தெருவிலும் அவள் கடுகுதான். ஆள் சிறிசு, பேச்சு காரம் என்று மாமா வைத்த பெயர் அது.

கடுகின் அப்பா கப்பலில் சமையல்காரர். வீட்டில் இருப்பதைவிடக் கடலில் இருப்பதுதான் அதிகம். அம்மாவுக்கு ஒரு லாண்டரியில் வேலை. பள்ளி விட்டதும் கடுகு நேராக அங்கே போய்விடுவாள். துணி மடிக்கும் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள்.

ஒரு நாள் மாலை, அங்கிருந்த பெரிய வாஷிங் மெஷின் "ஙொய்ய்ய்..." என்று முனகிவிட்டு நின்றது. உள்ளே தண்ணீரும் முப்பது படுக்கை விரிப்புகளும் அப்படியே கிடந்தன.

முதலாளியம்மா மெக்கானிக்கைப் போனில் கூப்பிட்டார். "நாளை மறுநாள்தான் வர முடியும்" என்றது போன். முதலாளியம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நான் ஒரு தடவை பார்க்கட்டுமாங்க?" என்று அம்மா மெதுவாகக் கேட்டார்.

அம்மா தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தார். மெஷினின் அடியில் இருந்த சின்ன மூடியைத் திருகினார். தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்தார். பிறகு கையை உள்ளே விட்டுத் துழாவினார். வெளியே வந்தது ஒரு குழந்தையின் காலுறை!

மூடியை மாட்டிப் பொத்தானைத் தட்டியதும் மெஷின் ஒன்றுமே நடக்காதது போலச் சுற்ற ஆரம்பித்தது.

"இதை எங்க கத்துக்கிட்ட?" முதலாளியம்மாவின் கண்கள் விரிந்தன.

"மெக்கானிக் செய்யும்போது பார்த்துக்கிட்டே இருப்பேங்க."

"மோட்டார் போனா சரி பண்ணுவியா?"

"அது தெரியாதுங்க."

"அப்போ முறையாப் படிச்சுட்டு வா. வராத மெக்கானிக்கை நான் எதுக்குக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கணும்? அந்த வேலையை உனக்கே தர்றேன். சாயங்காலம் சீக்கிரமா விட்டுடறேன், போதுமா?"

அன்று அம்மா மடித்த விரிப்புகள் எல்லாம் கோணல் மாணலாக இருந்தன. அம்மாவின் கை மடித்தது. மனசு எங்கோ மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தது.

விஷயம் தெரிந்ததும் மாமா துள்ளிக் குதித்தார். மாமா அம்மாவின் தம்பி. செல்போன் கடையில் வேலை. இங்கிலீஷில் தன்னை அடிக்க ஆள் இல்லை என்பது அவருடைய எண்ணம்.

"எங்க கடைக்கு எதிர்லயே தொழிற்பயிற்சி நிலையம் இருக்குக்கா. வாசல்ல பெரிய போர்டு வெச்சிருக்காங்க. நான் பார்த்துட்டு வர்றேன்" என்றார்.

மறுநாள் இரவுச் சாப்பாட்டின்போது மாமா விளக்கினார்.

"கிராஷ் கோர்ஸ்னு ஒண்ணு இருக்கு. அது நமக்கு வேணாம்."

"ஏன் மாமா?"

"கிராஷ்னா மோதுறது. வண்டியைக் கொண்டுபோய் மோதினவங்களுக்கு நடத்துற கோர்ஸ் அது."

"ஓகோ!"

"அப்புறம் ரெஃப்ரெஷர் கோர்ஸ். ரெஃப்ரெஷ்மென்ட் தெரியுமில்ல? ஜூஸ், பிஸ்கட்... அது கேன்டீன்காரங்களுக்கு."

"டிப்ளமோன்னு ஏதோ சொல்வாங்களே?" என்று அம்மா கேட்டார்.

"அதெல்லாம் எதுக்குக்கா? உனக்குன்னே ஒண்ணு போட்டிருக்கான், கேளு. 'ரிப்பேர் யுவர்செல்ஃப்.' அதாவது, நீங்களே ரிப்பேர் பண்ணுங்க! சனிக்கிழமை ஒர்க்‌ஷாப். ஒர்க்‌ஷாப்னா பட்டறை. பெஞ்சுல உக்காந்து எழுதுற வேலையே இல்ல. போனோமா, ஸ்பேனரை எடுத்தோமான்னு இருக்கும்!"

கடுகுக்கு ஒரு சந்தேகம். "உள்ளே போய் யார்கிட்டயாவது கேட்டீங்களா மாமா?"

"கேக்கறதா? தெரியாதவன்தான் கேப்பான். எனக்குத் தெரியாத இங்கிலீஷா?"

சனிக்கிழமை வந்தது. அம்மா கறை பட்டாலும் பரவாயில்லை என்று ஒரு பழைய உடையைப் போட்டுக்கொண்டார். பையில் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், கை துடைக்கப் பழைய துணி. பள்ளி விடுமுறை என்பதால் கடுகும் கூடவே போனாள்.

பட்டறைக்குள் கம்பளம் விரித்திருந்தது!

குளுகுளு அறை. வட்டமாக நாற்காலிகள். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டைகளோடு நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். சிவப்பு டை கட்டிய ஒருவர் அம்மாவின் பையை எட்டிப் பார்த்துவிட்டுத் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"மெஷின் எங்கேம்மா?" என்று கடுகு கிசுகிசுத்தாள்.

"பொறு. இனிமேதான் கொண்டு வருவாங்க."

ஒரு பேச்சாளர் எழுந்தார். பாதி இங்கிலீஷும் பாதி தமிழுமாகப் பேசினார். "நண்பர்களே! நமக்குள்ளே எவ்வளவு துரு படிஞ்சிருக்கு! இன்னிக்கு அதையெல்லாம் துடைப்போம்!"

துரு என்றதும் அம்மா பையிலிருந்து பழைய துணியை எடுத்து மடியில் தயாராக வைத்துக்கொண்டார்.

"முதல்ல நாம திறக்கணும். திறந்தாத்தான் உள்ளே என்ன பழுதுன்னு தெரியும்!" என்றார் பேச்சாளர்.

அம்மா கையைத் தூக்கினார். "சார், நாங்க தயாரா இருக்கோம். மெஷினை எப்போ திறப்பீங்க?"

அறையில் கொல்லென்று சிரிப்பு வெடித்தது. சிவப்பு டைக்காரர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

பேச்சாளர் மட்டும் சிரிக்கவில்லை. "அம்மா, இது மெஷினைப் பத்தி இல்ல. நம்ம மனசை நாமே சரிபண்றதைப் பத்தி" என்று பொறுமையாகச் சொன்னார். அம்மாவின் காதில் அது விழுந்ததோ இல்லையோ. முகம் சிவக்க எழுந்து, கடுகின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்பேனரை அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

"எனக்கு இந்தப் படிப்பெல்லாம் ஒத்து வராதுடி. துணி மடிக்கத் தெரியுது. அது போதும்."

மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

கடுகுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அம்மா தப்பாக ஒன்றும் செய்யவில்லையே! ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரியாமல் போனது அவ்வளவு பெரிய குற்றமா?

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் அவள் லாண்டரிக்குப் போகும் வழியில் பயிற்சி நிலையத்துக்குள் நுழைந்தாள். வரவேற்பு மேசை அவள் மூக்குவரை இருந்தது. அதற்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு அக்கா.

"என்ன பாப்பா?"

"எங்க அம்மா இங்க படிக்கணும் அக்கா."

"டிப்ளமோ புரோகிராமா? சர்டிபிகேட் கோர்ஸா? கிராஷ் கோர்ஸா? ரெஃப்ரெஷரா?" அக்கா மனப்பாடமாக ஒப்பித்தார்.

கடுகுக்குத் தலை சுற்றியது. ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாமா? மாமா அப்படித்தான் செய்தார். அதனால் வந்த வினைதானே இது!

"அக்கா, எனக்கு இந்தப் பேரெல்லாம் தெரியாது. எங்க அம்மாவுக்கு என்ன வேணும்னு சொல்றேன். அதுக்குப் பேரு என்னன்னு நீங்க சொல்றீங்களா?"

அக்கா பேனாவைக் கீழே வைத்தார். "சொல்லு."

"வாஷிங் மெஷினைத் திறந்து மோட்டார்வரைக்கும் சரி பண்ணத் தெரியணும். பகல்ல வேலை இருக்கு. சாயங்காலம்தான் வர முடியும்."

"இவ்வளவுதானா? இதை யாருமே இப்படிச் சொல்ல மாட்டேங்கறாங்க. ஏதாவது ஒரு பேரைச் சொல்லிட்டு, அப்புறம் வந்து இது இல்லைங்கறாங்க." அக்கா சிரித்தார். "உங்கம்மாவுக்கு வேண்டியது சர்டிபிகேட் கோர்ஸ்."

"கோர்ஸுக்கும் கிளாஸுக்கும் என்ன வித்தியாசம்?"

"ஒரு தடவை வந்து உக்காந்து படிச்சுட்டுப் போனா, அது ஒரு கிளாஸ். அந்த மாதிரி நிறைய கிளாஸ் சேர்ந்து ஒரு வேலையை முழுசாச் சொல்லிக் கொடுத்தா, அது கோர்ஸ்."

"டிப்ளமோ?"

"அது பெரிசு. நிறைய கோர்ஸ் படிச்சு எல்லாத்துலயும் பாஸாகணும். இங்க ரெண்டு வருஷம், அதுவும் பகல்ல."

"அது முடியாது. சரி, ஒர்க்‌ஷாப்னா பட்டறைதானே?"

"பட்டறைக்கும் அதே பேருதான். நாலு பேர் கூடி, ஒண்ணு ரெண்டு நாள் பேசிப் பழகிக் கத்துக்கிறதுக்கும் அதே பேருதான்."

"அப்போ எங்க மாமாவுக்குப் பாதி மார்க்!" என்ற கடுகு, கிராஷ் கோர்ஸுக்கு மாமா சொன்ன அர்த்தத்தையும் சொன்னாள்.

அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "ரொம்ப நாள் படிக்க வேண்டியதை அவசர அவசரமாக் கொஞ்ச நாள்ல முடிச்சா அது கிராஷ் கோர்ஸ். முன்னாடியே படிச்சவங்க, மறந்து போனதைத் தூசி தட்டிக்க வந்தா அது ரெஃப்ரெஷர்."

"ஜூஸ் கிடையாதா?"

"கிடையாது."

கடுகுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். பிறகு அவள் சனிக்கிழமை நடந்ததைச் சொன்னாள். அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் எழுந்து வந்து, "உனக்கு ஒண்ணு காட்டறேன், வா" என்று ஒரு கதவைத் திறந்தார்.

உள்ளே மூன்று வாஷிங் மெஷின்கள் வயிற்றைத் திறந்துகொண்டு நின்றன. ஒயர்கள் குடல் குடலாகத் தொங்கின. கடுகு ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டாள்.

அன்று இரவு அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். கடுகு பக்கத்தில் நின்று துடைத்தாள்.

"அம்மா, இன்னிக்கு மூணு மெஷின் பார்த்தேன். பின்பக்கமெல்லாம் கழட்டி வெச்சிருக்காங்க."

அம்மா அடுத்த பாத்திரத்தை எடுத்துத் துலக்கினார்.

"ஒண்ணுல கறுப்பா ஒரு பெல்ட் கழண்டு தொங்குது."

அம்மாவின் கை நின்றது. "அறுந்திருக்கா, கழண்டிருக்கா?"

"தெரியலையே. இன்னொண்ணுல டிரம் ஒரு பக்கமாச் சாஞ்சிருக்கு."

"ஸ்பிரிங் போயிருக்கும். பக்கத்துல ஒரு ஸ்பிரிங் இருக்குமே, பார்த்தியா?"

"நான் என்னத்தைக் கண்டேன்? நீ வந்து பாரேன்!"

அம்மா கடுகை முறைத்தார். முறைப்பு பாதியிலேயே புன்னகையாகிவிட்டது. "எங்கடி பார்த்த?"

கடுகு எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாவின் முகம் மறுபடி வாடியது. "அங்கயா? அத்தனை பேர் சிரிச்ச இடத்துக்கா?"

"அவங்க சனிக்கிழமைக்காரங்கம்மா. இவங்க வேற. நீ வெறும் பெல்ட்டை மட்டும் பார்த்துட்டு வந்துடு."

மறுநாள் மாலை இருவரும் போனார்கள். வாசலில் அம்மாவின் கால் தயங்கியது. உள்ளே வரவேற்பு மேசை முன்னால் அதே சிவப்பு டை!

அம்மா திரும்பிப் போகப் பார்த்தார். கடுகு கையை விடவில்லை.

சிவப்பு டைக்காரர் நெற்றியைத் துடைத்தபடி அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "கம்ப்யூட்டர்ல கணக்கு எழுத ஆபீஸ்ல கத்துக்கச் சொல்லிட்டாங்க. கிராஷ் கோர்ஸா, ரெஃப்ரெஷரா? எனக்கு ஒரு எழவும் புரியலைங்க!"

"முன்னாடி கத்துக்கிட்டிருக்கீங்களா சார்?" என்று கேட்டாள் கடுகு.

அவர் திரும்பினார். "இல்லையே."

"அப்போ ரெஃப்ரெஷர் உங்களுக்கு இல்ல. அது மறந்தவங்களுக்கு. சீக்கிரமா முடிக்கணும்னா கிராஷ் கோர்ஸ்ல சேருங்க. யாரும் எது மேலயும் மோத மாட்டாங்க. ஜூஸ் மட்டும் எதுலயும் கிடையாது."

டைக்காரர் சிரித்துவிட்டார். அப்போதுதான் அம்மாவைப் பார்த்தார். சிரிப்பு அடங்கியது.

"நீங்க... சனிக்கிழமை..." அவர் கழுத்தில் இருந்த டையைத் தளர்த்திக்கொண்டார். "மன்னிச்சிடுங்கம்மா. உண்மையைச் சொன்னா, அன்னிக்கு அந்த ஆள் எதைத் திறக்கச் சொல்றார்னு எனக்கும் புரியலை. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சிட்டேன்."

அம்மா அவரை ஒரு கணம் பார்த்தார். "பரவாயில்லைங்க. நீங்களாவது சிரிச்சீங்க. நான் துணியெல்லாம் எடுத்து வெச்சேன்!"

இப்போது நான்கு பேருமே சிரித்தார்கள். அம்மாவின் சிரிப்புதான் பெரியதாக இருந்தது.

சிரிப்பு ஓய்ந்ததும் அம்மா மேசையில் கையை ஊன்றினார். "சர்டிபிகேட் கோர்ஸ்ல சேரணுங்க. சாயங்கால கிளாஸ். ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். என்னென்ன சொல்லிக் கொடுப்பீங்க?"

"அதுக்குப் பேரு சிலபஸ்" என்றார் அக்கா.

"பேரு எதுவா இருந்தா என்ன? அதுல மோட்டார் இருக்குதா?"

"இருக்கு. பெல்ட்டும் இருக்கு, ஸ்பிரிங்கும் இருக்கு."

"அப்போ சேர்த்துக்குங்க!"

அடுத்த வாரமே வகுப்பு தொடங்கியது. முதல் நாள் அம்மா இரண்டு கையிலும் கறுப்பு கிரீஸோடு வீட்டுக்கு வந்தார். மூக்கின் நுனியிலும் கொஞ்சம் கிரீஸ். சோப்புப் போட்டுத் தேய்த்தும் அது போகவில்லை. அம்மா அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

"அக்கா, எப்படி இருந்தது?" என்றார் மாமா. "அங்க செல்போன் ரிப்பேருக்கு ஏதாவது இருக்கா? நாளைக்கு நானே உள்ளே போய்க் கேக்கப் போறேன்!"

"கேளுங்க மாமா. வாயைத் திறந்து கேக்கறதுக்குத்தான் கோர்ஸே தேவையில்லை" என்றாள் கடுகு.

மாமா அவளைத் துரத்தினார். கடுகு மேசையைச் சுற்றி ஓடினாள். டிவி ஒரு பக்கம் அலறிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் சத்தம் போடாம இருக்கீங்களா? அந்த டிவியை அணைங்க!" என்று அம்மா அதட்டினார். பிறகு விளக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பெருமையாகச் சொன்னார்:

"எனக்கு வீட்டுப்பாடம் இருக்கு."