பச்சை விழுந்த பொருள்

வடுமானி இயந்திரம் பச்சை காட்டியது. தர்ஷினி மிக்சியை எடுக்கக் கை நீட்டினாள். பின்பக்கம் ஒயர் பிய்ந்திருந்த இடத்தில் விரல் பட்டதும், தோள்வரை உதறிப் போட்டது.

மின்பொருள் என்றால் மின்சாரம் கொடுத்த பிறகுதான் வடுமானிக்குக் கீழே வைக்க வேண்டும் என்பது விதி. அவள் செருகியைப் பிடுங்கிவிட்டு விரலைப் பார்த்தாள். வலித்தது. வலிக்கிறது என்பதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. கணவன் கவியரசன் இறந்த முதல் சில மாதங்களில் அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் இருந்தது. பிறகு அதுவும் போய், காலையில் எழுந்து மகளைக் கிளப்பிவிட்டுச் சந்தைக்கு வந்து பொருள்களை வடுமானிக்குக் கீழே வைப்பதும் எடுப்பதுமாக நாள் ஓடிக்கொண்டிருந்தது.

"ஷாக் அடிக்குது. இது வேணாம்ணே," என்றாள்.

வாங்க வந்தவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். "பச்சை வுழுந்துச்சுல்ல? பில்லு போடும்மா."

"ஒயரு பிஞ்சிருக்கு, பாருங்க."

"நான் எதுக்குப் பாக்கணும்? அதான் மிஷின் பாத்துடுச்சே."

அவர் சொன்னதில் தவறில்லை. பழைய பொருள் விற்கும் மறுகைச் சந்தைகள் எல்லாவற்றிலும் வடுமானி கட்டாயமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. ஒரு பொருள் எங்கே விழுந்தது, எதில் மோதியது, உள்ளே எந்த இழை அறுந்திருக்கிறது, பூச்சில் ஈயம் இருக்கிறதா என்று எல்லாவற்றையும் அது ஒரு பார்வையில் படித்துவிடும். வடு தெரிந்தால் சிவப்பு, பொருள் நேராக அரைவை ஆலைக்குப் போகும். தெரியாவிட்டால் பச்சை. பழைய பொருளைத் தட்டிப் பார்ப்பதும் மோந்து பார்ப்பதும் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பதும் மக்களுக்கு மறந்தே போய்விட்டது. தட்டிப் பார்ப்பவரைக் கடைக்காரர்கள் முறைப்பார்கள்.

தர்ஷினி முதல்முறையாக இயந்திரத்தை நிமிர்ந்து பார்த்தாள். நேற்று ஆயுத பூஜை. எல்லா மேசைக்கும் தராசுக்கும் வைத்ததுபோல வடுமானிக்கும் பொட்டு வைத்து மாலை போட்டிருந்தார்கள். அதன் நெற்றி என்று எல்லோரும் நினைத்த இடத்தில் சந்தனம், நடுவில் குங்குமம். நெற்றி அல்ல, அதுதான் அதன் கண்.

நகத்தால் சுரண்டினாள். நேற்றைய சந்தனம் உதிர்ந்தது. அதற்கடியில் பழுப்பாக, கல்லாக இறுகிப்போன இன்னொரு பொட்டு இருந்தது. கடையில் விற்கும் சந்தனத்தில் என்ன பசை கலக்கிறார்களோ, காய்ந்தால் லேசில் வராது. போன வருடத்துப் பொட்டு. வைத்தவள் அவள்தான். பூஜையில் வைத்த பொட்டை யார் துடைப்பார்கள்?

கண் மறைந்தால் வடு தெரியாது. வடு தெரியாவிட்டால் பச்சை. வடுமானியைச் செய்தவர்களுக்கு இப்படி ஒன்று நடக்கும் என்று தோன்றியிருக்காது. அவர்கள் ஊரில் இயந்திரத்துக்கு யாரும் பொட்டு வைப்பதில்லை போலும். ஒரு வருடமாக இந்தச் சந்தையில் ஒரு சிவப்புகூட விழவில்லை. அதற்காக மேலாளர் லோகநாதனுக்கு மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். தர்ஷினியும் கை தட்டினாள்.

போன வருடம் பூஜை முடிந்த வாரத்தில்தான் கவியரசன் தலைக்கவசம் வாங்க வந்தான். புதிதாக வாங்கலாம் என்றான். அவள்தான், பச்சை விழுந்ததை விட்டுவிட்டுப் புதிதை வாங்கிக் காசைக் கரியாக்குவானேன் என்றாள். விபத்தில் அது தேங்காய்போல இரண்டாகப் பிளந்தது. பச்சை விழுந்த கவசம் பிளக்கிறதென்றால் வண்டி கண்மண் தெரியாத வேகத்தில் போயிருக்க வேண்டும் என்று விசாரணையில் எழுதினார்கள். வேறு சாட்சி கிடையாது. வீட்டில் எல்லோரும் நம்பினார்கள், அவளும் நம்பினாள். பிள்ளையை நினைக்காமல் பறந்த மனிதனுக்காக ஏன் அழ வேண்டும் என்றிருந்தாள்.

ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்து வடுமானியின் கண்ணைத் துடைத்தாள். மிக்சியை மறுபடி வைத்தாள். சிவப்பு. பக்கத்தில் இருந்த தொட்டிலை வைத்தாள். சிவப்பு. இஸ்திரிப் பெட்டி. அதற்கும் சிவப்பு.

விஜயதசமி விடுமுறைக் கூட்டம் அப்படியே நின்றது. இவ்வளவு சிவப்பை அவர்கள் பார்த்ததில்லை.

"மிஷின் கெட்டுப்போச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

"கெடாம என்ன பண்ணும்? பூஜை போட்ட மறுநாளே பொட்டை அழிச்சிருக்கா பாரு," என்றாள் தொட்டில் விற்க வந்தவள். "காலைல எனக்குப் பச்சைதான் காட்டுச்சு."

லோகநாதன் ஓடிவந்தார். தர்ஷினி துணியில் ஒட்டியிருந்த பழுப்புச் சந்தனத்தைக் காட்டினாள். "கண்ணுல வெச்சுட்டோம் சார். ஒரு வருஷமா அதுக்குக் கண்ணே தெரியல."

அவர் துணியைப் பார்த்தார், இயந்திரத்தின் கண்ணைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. பிறகு கூட்டத்தைப் பார்த்தார்.

"இதை வெளிய சொன்னா என்னாகும்னு தெரியுமா?" என்றார் மெதுவாக. "வித்தது எல்லாம் திரும்பி வரும்மா. அடிபட்டவன், செத்தவன் வீட்டு ஆளுங்க, எல்லாரும் வருவாங்க."

"நானும் செத்தவர் வீட்டு ஆளுதான் சார்."

அவர் பூஜைத் தட்டிலிருந்த கிண்ணத்தில் விரலைத் தோய்த்து வடுமானியின் கண்ணில் வட்டமாகச் சந்தனம் அப்பினார். குங்குமமும் வைத்தார். தொட்டில் மறுபடி கீழே போனது. பச்சை.

கூட்டம் மூச்சு விட்டது. சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மிக்சிக்காரர் முன்னே வந்து, "இப்பவாச்சும் பில்லு போடும்மா," என்றார்.

தர்ஷினி கத்தரிக்கோலை எடுத்து மிக்சியின் ஒயரை அடியோடு வெட்டினாள். "வேற ஒயர் போட்டு ஓட்டுங்க," என்று அவர் கையில் கொடுத்தாள்.

"பச்சைப் பொருளை வெட்டிட்டாளே!" என்று அவர் அலறினார். லோகநாதன் அவளை வீட்டுக்குப் போகச் சொன்னார். நாளையும் வர வேண்டாம் என்றார்.

சந்தைக்கு வெளியே பேருந்து நிழற்குடையில் உட்கார்ந்து அவள் வீட்டுக்குப் போன் போட்டாள். மகள் இனியாதான் எடுத்தாள். ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் அப்பா எப்படி இறந்தார் என்று கேட்டால், வேகமாகப் போனார் என்று சொல்வாள். அப்படிச் சொல்லிக் கொடுத்தவள் தர்ஷினிதான்.

"அப்பா வேகமா போகலடி," என்றாள். குரல் உடைந்து, இத்தனை நாள் வராத அழுகை வந்தது. "அப்பா மேல தப்பே இல்ல. அம்மா தப்பா சொல்லிக் குடுத்துட்டேன்."

மறுமுனையில் குழந்தை யோசிப்பது தெரிந்தது.

"மிஷின் சொல்லுச்சாம்மா?" என்று கேட்டாள் இனியா.